லேசர் காந்தத்தைக் கலைப்பது எப்படி? விரிதாளில் ஒரு செய்முறை

லேசர் பட்டதும் காந்தம் சூடாகிறது, சூடானதால் காந்தத்தன்மை போகிறது. இப்படி ஒரே வரியில் முடித்துவிடும் விளக்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எது சூடாகிறது, எப்போது சூடாகிறது என்ற இரண்டு கேள்விகளையும் அந்த வரி விழுங்கிவிடுகிறது. விடை காண ஃபெம்டோநொடி லேசர் தேவையில்லை. ஒரு கட்டுக்கம்பியும் பழைய கணினியும் போதும். பிளஸ் டூ இயற்பியல் படித்த யாரும் செய்யலாம்.

படி 1: முதலில் மெதுவான வழி

மணவாளக்குறிச்சிக் கருமணலை வைத்தே தொடங்கலாமே என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அது உதவாது. அந்த மணலில் நிறைய இருக்கும் இல்மனைட், வலிமையான காந்தம் இழுத்தால் வருமே தவிர, அறை வெப்பநிலையில் தானே காந்தமாக நிற்காது. இழப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே மெல்லிய கட்டுக்கம்பித் துண்டு ஒன்றைத் தாங்கியில் தொங்கவிடுங்கள். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைப் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நிறுத்தினால் கம்பி அதை நோக்கிச் சாயும், ஆனால் தொடக்கூடாது. பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது, ஸ்பிரிட் விளக்கால் கம்பியின் நுனியை நன்றாகச் சிவக்கும்வரை சூடாக்குங்கள். சிவந்த கம்பி காந்தத்தை மறந்து நேராகத் தொங்கும். ஆறியதும் மறுபடி சாயும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ், நிக்கலுக்கு ஏறத்தாழ 354. இதற்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். காடோலினியத்துக்கு அது 20 டிகிரிதான். நாகர்கோவில் மதிய வெயிலில் காடோலினியம் நிரந்தரக் காந்தமாக இருக்க வழியே இல்லை.

படி 2: விரிதாளைத் திறங்கள்

இப்போது நிக்கலின் மிக மெல்லிய படலத்தின்மேல் சில பத்து ஃபெம்டோநொடி நீளமுள்ள ஒளித்துடிப்பு விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒளி தன் ஆற்றலை முதலில் எலக்ட்ரான்களிடம்தான் கொடுக்கிறது. கனமான அணுக்கள் அந்த வேகத்துக்கு அசைவதில்லை. எனவே ஒரே உலோகத்துக்குள் சிறிது நேரம் இரண்டு வெப்பநிலைகள் இருக்கும்.

மூன்று பத்திகள் போடுங்கள்: நேரம், எலக்ட்ரான் வெப்பநிலை (எ), அணுக்கள் அடுக்கியிருக்கும் அணிக்கோவையின் வெப்பநிலை (அ). முதல் வரிசையில் நேரம் 0, எ = 1000, அ = 300. எல்லாம் கெல்வினில். ஒவ்வொரு வரிசைக்கும் 10 ஃபெம்டோநொடி கூட்டுங்கள்.

புதிய எ = எ − 8 × (எ − அ) ÷ எ
புதிய அ = அ + (எ − அ) ÷ 437.5

இந்த எண்கள் வந்த வழி இது. எலக்ட்ரான்களின் வெப்பக் கொள்ளளவு கன மீட்டருக்கு 1000 × எ ஜூல், அணிக்கோவையுடையது 35 லட்சம் ஜூல், இரண்டுக்கும் இடையே வெப்பம் பாயும் வீதம் கெல்வினுக்கு 8 × 10¹⁷ வாட். நிக்கலுக்கு நெருக்கமான மதிப்புகளைக் கணக்குக்கு வசதியாக முழுமைப்படுத்தியிருக்கிறேன். இரண்டாம் வரிசையில் 994.4, 301.6 என்று வந்தால் சரி. 100 வரிசைவரை இழுத்துவிடுங்கள்.

படி 3: 200 ஃபெம்டோநொடியில் நிறுத்திப் படியுங்கள்

அங்கே எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 890 கெல்வினில் இருக்கின்றன. நிக்கலின் கியூரி எல்லையான 627 கெல்வினைவிட மிக மேலே. அணிக்கோவையோ 330 கெல்வினுக்கு அருகில், அதாவது 57 டிகிரி செல்சியஸ். அடுப்பில் வைத்த கம்பியோடு ஒப்பிட்டால் இது சூடே இல்லை. தாளை மேலும் நீட்டினால் இரண்டும் 418 கெல்வின் அளவில் ஒன்றுசேரும். அதாவது படலம் முழுவதும் சமநிலைக்கு வந்த பிறகும் கியூரி வெப்பநிலையைத் தொடவே இல்லை. ஆனால் காந்தத்தன்மையின் பெரும்பகுதி அதற்குள் சரிந்துவிட்டிருக்கும்.

இது தாளில் மட்டும் நடப்பதல்ல. 1996இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் போர்ப்பேரும் பிகோவும் சக ஆய்வாளர்களும் 60 ஃபெம்டோநொடித் துடிப்பை நிக்கல் படலத்தில் செலுத்தி, ஒரு பிக்கோநொடிக்குள், அதாவது 1000 ஃபெம்டோநொடிக்குள், காந்தத்தன்மை சரிவதை அளந்தார்கள். எலக்ட்ரான், அணிக்கோவை ஆகியவற்றோடு தற்சுழற்சிக்கும் (ஸ்பின்; காந்தத்தன்மைக்கு மூலமான எலக்ட்ரானின் பண்பு) தனி வெப்பநிலை தந்து அதை விளக்கினார்கள். நம் தாளில் மூன்றாவதை விட்டுவிட்டோம்.

படி 4: இவ்வளவு குறுகிய நேரத்தை அளப்பது

எந்த மின்னணுக் கடிகாரமும் இதற்குப் போதாது. ஒரே துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வலியது காந்தத்தைக் கலைக்கும், மெலியது பின்னால் வந்து பார்க்கும். மெலிய துடிப்பின் பாதையில் உள்ள கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால், ஒளி போய்வரும் தூரம் 0.3 மில்லிமீட்டர் கூடி, அது ஒரு பிக்கோநொடி தாமதமாக வரும். தூரத்தை அளந்தே நேரத்தை அளந்துவிடலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான். காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கத் தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், மிகச் சிறிதளவு சுழலும் என்பதை 1877இல் ஜான் கெர் கண்டுபிடித்தார். அந்தச் சுழற்சி குறைந்தால் காந்தத்தன்மையும் குறைந்திருக்கிறது.

வெப்பநிலைகளால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு. எலக்ட்ரான்களின் தற்சுழற்சி கோண உந்தத்தைத் தாங்கியிருக்கிறது. கோண உந்தம் அழியாது. அப்படியானால் அது எங்கே போனது? சுழற்சியைச் சுமந்த எலக்ட்ரான்களே அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுகின்றன என்பது 2010இல் முன்வைக்கப்பட்ட ஒரு விளக்கம். அணிக்கோவையின் அதிர்வுகள் அதை வாங்கிக்கொண்டு அணுக்களை வட்டமிட வைக்கின்றன என்பது இன்னொன்று. நிக்கலில் இதற்கான சான்று 2022இல் வெளியானது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

தாளை மூடுவதற்கு முன் முதல் வரிசையில் 1000ஐ அழித்து 700 போடுங்கள். 17 வரிசைகளுக்குள்ளேயே எலக்ட்ரான்கள் கியூரி எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். மெலிந்த துடிப்பால் காந்தம் முழுவதும் கலைவதற்கு நேரம் போதவில்லை. பாதி வழியிலேயே மீளத் தொடங்கிவிடும்.