பழைய ரிமோட் ஹெலிகொப்டரை முதல் முறை மேலே ஏற்றும் முன்

ஒரு தடவைகூட விழவில்லை என்று விற்றவர் சத்தியம் செய்தாலும், விழுந்து எழுந்த ஹெலிகொப்டர் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நான் இங்கே சொல்வது 450 வகையைப் பற்றி: 325 மில்லிமீற்றர் இறக்கை, மூன்று செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி. பொம்மைக் கடையில் கிடைப்பவற்றுக்கு இது எதுவும் தேவையில்லை.

கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். 1.5, 2, 2.5 மில்லிமீற்றர் அறுகோணத் திருப்புளிகள் மூன்றும் நல்லதாக இருக்க வேண்டும். தளபாடத்தோடு இலவசமாக வரும் வளைந்த சாவியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். திருகாணியின் தலையைத் தேய்த்துவிடும். உலோகத்தில் உலோகம் இறங்கும் திருகாணிகளுக்கு அதிர்வில் கழராமல் பிடிக்கும் நீல நிறத் திருகாணிப் பசை ஒரு துளி போதும்.

முதல் வேலை, மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றுவது. இனிப் பற்றரியைக் கொடுத்தாலும் இறக்கை சுற்றாது. கைவிரல்கள் பத்திரம்.

அடுத்து, இரண்டு இறக்கைப் பிடிகளுக்கும் ஊடாகப் போகும் மெல்லிய இரும்புத் தண்டை வெளியே இழுத்துக் கண்ணாடித் துண்டொன்றின் மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் தண்டு வளைந்திருக்கிறது. நிமிர்த்த முயலாதீர்கள், புதிதாகப் போடுங்கள். நடுத்தண்டுக்கும் இதே சோதனைதான். திருகோணமலையில் உப்புக்காற்று பேரிங்குகளைத் தின்றுவிடும். விரலால் சுற்றும்போது நறநறவென்றால் மாற்றிவிடுங்கள். மோட்டாருக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரையில் இறக்கிய ஹெலிகொப்டர் என்றால் காந்தங்களில் கறுப்பு மணல் ஒட்டியிருக்கலாம். புல்மோட்டையில் அள்ளுகிறார்களே, அந்த இல்மனைற் காந்தத்துக்கு இழுபடும். ஊதினால் போகாது, ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இனிக் கைரோ, அதாவது ஹெலிகொப்டர் தானாகத் திரும்புவதை உணர்ந்து வாலைச் சரிசெய்யும் கருவி. புதியவர்களின் ஹெலிகொப்டர் தரையிலேயே சுழன்று உடைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆகவே அவசரப்படாதீர்கள். சோதனை இரண்டு, வரிசை மாறக்கூடாது.

ஹெலிகொப்டருக்குப் பின்னால் நின்று, வாலுக்குரிய குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள். மூக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வால் இடப்பக்கம் போக வேண்டும். வால் இறக்கையை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்: முந்தி வரும் விளிம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தால் சரி. வலப்பக்கம் சாய்ந்தால் ரிமோட்டில் அந்தக் குச்சியின் திசையை மாற்றுங்கள். வால் தண்டிலுள்ள சறுக்கி (வால் இறக்கையின் சாய்வை மாற்ற அங்குமிங்கும் நகரும் துண்டு) இப்போது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மனத்தில் வையுங்கள்.

பிறகு குச்சியை நடுவில் விட்டுவிட்டு, ஹெலிகொப்டரைக் கையில் பிடித்து மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். கைரோ அதை வலப்பக்கம் மீட்கப் பார்க்கும். அதாவது சறுக்கி முன்பு நகர்ந்த அதே பக்கம் நகர வேண்டும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் மாற்ற வேண்டியது கைரோவின் அமைப்பை, ரிமோட்டைத் தொடாதீர்கள். ரிமோட்டில் மாற்றினால் சரியாக இருந்த முதல் சோதனை பிழைத்துப்போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஹெலிகொப்டரோடு வரும் பழைய பற்றரியை நான் பாவிப்பதே இல்லை. உப்பியிருந்தால் எவரும் பாவிக்கக் கூடாது. புதிய 2200 மில்லியம்பியர்-மணி பற்றரியை 2.2 அம்பியரில் சார்ஜ் செய்யுங்கள், நிறையும்போது 12.6 வோல்ட் காட்டும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் முச்சக்கரவண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள்.

சீனக்குடா விமான நிலையமும் கடற்படைத் தளமும் உள்ள ஊர் இது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, பொலிஸிலும் காணிக்காரரிடமும் கேட்டபின் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கோணேசர் கோயில் பக்கம் யோசிக்கவே வேண்டாம்; அங்கே அடியார்களும் மான்களும் திரிகிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலைதான் தோது.

இப்போது மோட்டார் வயர்களை மாட்டலாம். ரிமோட்டை முதலில் போட்டு, விசைக் குச்சி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவது) அடியில் இருப்பதைப் பார்த்தபின் பற்றரியைக் கொடுங்கள். பத்து மீற்றர் பின்னால் நின்று, சறுக்குக்கால்கள் இலேசாகும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

பின்சேர்க்கை: தரையிலேயே ஹெலிகொப்டர் நடுங்குகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். இறக்கை ஆணிகளை மிக இறுக்கியிருப்பீர்கள். ஹெலிகொப்டரைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் இறக்கைகள் அப்படியே நிற்க வேண்டும், இலேசாக உலுக்கினால் தொங்க வேண்டும். இன்னொருவருக்கு வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ரிமோட்டில் விசைக் குச்சி வலப்பக்கம் இருந்ததாம். பழுதில்லை, அது மோட் 1. இடப்பக்கம் பழகியவர் என்றால் மாற்றித்தரக்கூடிய ஒருவரைப் பிடித்த பிறகே பறக்கவிடுங்கள்.