பட்டமரத்துக் காளானா? அடிப்புறத்தைப் பாருங்கள்

பினாங்கு தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் காலை நடைக்குப் போகிறவர்கள், பட்டுப்போன மரத்தில் அலமாரித் தட்டுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் காளானைக் கண்டால் மேல்புற நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெயிலும் மழையும் அதை மாற்றிவிடும். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவை அடியில் நீட்டிப் படம் எடுங்கள், பறிக்கத் தேவையில்லை.

ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள் தெரிந்தால் அது துளைக்காளான். மேலும் கீழும் பளிச்சென்ற செம்மஞ்சளாக இருந்தால் பைக்னோபோரஸ். தடித்து, மரம்போல் கெட்டியாக இருந்து, வெள்ளை அடிப்புறத்தில் நகத்தால் கீறிய கோடு பழுப்பாக மாறினால் பெரும்பாலும் கானோடெர்மா. அதைச் சுற்றியுள்ள இலைகளில் பழுப்பு நிற மைலோ பானத்தூள் கொட்டியதுபோல் படிந்திருப்பது அதன் வித்துத்தூள். முதன்முறை பார்த்தபோது கறையான் மண் என்றே நினைத்தேன். துளையே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் ஸ்டீரியம் போன்ற வேறு இனம்.

சின்ன விசிறி வடிவம், மேலே வெண்சாம்பல் ரோமம், அடியில் நெடுக்காகப் பிளந்த மடிப்புகள் என்றால், மலாய்க்காரர்கள் சமைக்கும் குலாட் சிசிர் என்ற காளானாக இருக்கலாம். படம் ஒத்துப்போன தைரியத்தில் சட்டியில் போட்டுவிடாதீர்கள்.