எரிகோவைப் பிள்ளைகளுக்குக் காட்டும் வழி

எங்கள் தோட்டத்தில் ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன். வேதாகமத்தில் வரும் எரிகோ நகரம் எங்கே என்று சொல்லித்தர வரைபடத்தை உடனே விரிக்காதீர்கள். ஹப்புத்தளையிலிருந்து வெல்லவாயவுக்கு பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்குமே, அதை ஞாபகப்படுத்துங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கும் சுமார் 1000 மீற்றர் இறக்கம். ஊரே கடல்மட்டத்துக்கு 250 மீற்றர் கீழே! மலையில் பிறந்த லயத்துப் பிள்ளைகளை இதை நம்பவைப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம் வரைபடம். சாக்கடலுக்கு வடக்கே, யோர்தானுக்கு மேற்கே விரலை வையுங்கள். பழைய ஊர் இன்று தெல் எஸ்-சுல்தான் என்ற மண்மேடு. 1950களில் தொல்லியல் ஆய்வாளர் கேத்லீன் கென்யன் அங்கே தோண்டி, சுமார் 10,000 ஆண்டுப் பழைய கல் கோபுரத்தைக் கண்டெடுத்தார். சரி, யோசுவா காலத்தில் இடிந்து விழுந்ததாக வேதாகமம் சொல்லும் மதில்? அங்கே கிடைத்த இடிந்த மதில்கள் யோசுவாவின் காலத்துக்கு முந்தியவை என்றார் கென்யன். மறுப்பவர்களும் உண்டு. பிள்ளைகளிடம் நான் இரண்டையும் சொல்லிவிடுவேன்.