பிலமென்றுக்கு ஈரம் புகாப் பெட்டி

பிலமென்று என்பது முப்பரிமாண அச்சுப்பொறி (3D printer) உருக்கி அச்சிடுகிற, சுருளாகச் சுற்றிய பிளாஸ்ரிக் இழை. நைலோன், பி.ஈ.ரி.ஜி, பி.எல்.ஏ எல்லாம் அதன் வகைகள். யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கினால் வெளியில் கிடக்கும் நைலோன் ஒரே நாளில் கெட்டுவிடும். பி.ஈ.ரி.ஜி கொஞ்சம் தாங்கும். நொசிலில் (உருகிய பிளாஸ்ரிக் வெளிவரும் முனையில்) படபடவென்று வெடிக்கிற சத்தம், நூல் நூலாய் இழுபடுதல், சொரசொரத்த மேற்பரப்பு எல்லாம் ஈரத்தின் வேலை. பெட்டி நனைந்ததைக் காயவைக்காது, காய்ந்ததைத்தான் காக்கும். ஆகவே உள்ளே வைக்க முன்னர் பி.எல்.ஏ 45–50 பாகை செல்சியஸில் 6 மணித்தியாலம், பி.ஈ.ரி.ஜி 65 பாகையில் 6 மணித்தியாலம், நைலோன் 75 பாகையில் 12 மணித்தியாலம் காயவேண்டும். வீட்டு அவணின் சூடு ஏறி இறங்கும். 60 பாகையைத் தொட்டால் பி.எல்.ஏ இளகிச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும்.

நாலு சுருளுக்கு உள்ளளவு 35 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம் வேண்டும். மூடியில் றப்பர் வளையமும் நாலு பக்கமும் கிளிப்பும் உள்ள பொலிபுரோப்பிலீன் பெட்டி எடுங்கள். கண்ணாடிபோல் தெளிவான மலிவுப் பெட்டிகள் துளையிடும்போதே வெடிக்கும்.

காற்றுப் புகாமைதான் முழு வேலையும். கடுதாசித் துண்டொன்றை விளிம்பில் வைத்து மூடி, கிளிப்பைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாய் நின்றால் சரி. வழுக்கி வந்தால் அந்த இடத்தில் மூடி அமரவில்லை. இரண்டு அங்குலத்துக்கு ஒருதரம் இப்படிச் சுற்றிவர வேண்டும். பெரும்பாலும் கிளிப்புகளுக்கு நடுவிலுள்ள நீளப் பக்கந்தான் தூக்கி நிற்கும். அங்கே ஒட்ட வேண்டியது மூடிய துளையுள்ள (closed-cell, உள்ளே ஒன்றோடொன்று இணையாத சிறு குமிழிகள் கொண்ட) றப்பர்ப் பட்டி. மெத்தைப் பஞ்சு போன்றது காற்றையும் ஈரத்தையும் விடும். பட்டியின் இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தை மூலையில் வைக்காமல், சரிவாக வெட்டிப் பக்கத்தின் நடுவில் பொருத்துங்கள்.

சுருளைத் தாங்க மரையுள்ள 8 மி.மீ. கம்பி இரண்டு, அவற்றில் கோர்க்க 608 அளவுப் பெயரிங் பதினாறு (சுருளுக்கு நாலு), இருபக்கமும் இறுக்க நட். கம்பிகளுக்கு இடையே 100 மி.மீ., அடியிலிருந்து 20 மி.மீ. உயரம். கம்பிக்கென்று பெட்டிச் சுவரில் துளை போடாதீர்கள், பி.ஈ.ரி.ஜியில் இரண்டு தாங்கிகள் அச்சிட்டு உள்ளே நிறுத்துங்கள்.

பிலமென்று வெளியே போகும் வழிக்கு மாத்திரம் துளை: சுருளுக்கு ஒன்று, 10 மி.மீ., பின்னால் மரத்துண்டு பிடித்து மெதுவாக. பி.சி.4-எம்.10 இணைப்பியை (4 மி.மீ. குழாயைச் செருகிப் பிடிக்கும், 10 மி.மீ. மரையுள்ளது) உள்ளே நட்டாலும் இருபக்க றப்பர் வொஷராலும் இறுக்குங்கள். சிலிக்கன் பசை இந்தப் பிளாஸ்ரிக்கில் பிடிக்காது, சில கிழமைகளில் உரிந்துவிடும். அதில் 4 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. உள்விட்டமும் கொண்ட பி.ரி.எப்.ஈ. (ரெப்லோன்) குழாயைச் செருகுங்கள், பிலமென்று அதனூடாக அச்சுப்பொறிக்குப் போகும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 400 கிராம் போடுங்கள். 30 பாகை, 80 வீத ஈரப்பதனில் 20 லீற்றர் காற்றிலுள்ள நீர் அரைக் கிராம்தான். மிச்சமெல்லாம் சுருளிலிருந்தும் கசிவிலிருந்தும் வருகிறது. மட்டைச் சுருள் என்றால் மட்டையே ஈரத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஈரம் குடித்ததும் செம்மஞ்சளிலிருந்து பச்சையாகும் ஜெல் வகையை வாங்குங்கள். நீல நிறத்ததில் கோபால்ற்று குளோரைட்டு உண்டு, அது நஞ்சு. நுளம்புவலைத் துணியில் இரண்டு பை தைத்து இரு முனையிலும் வைக்கலாம்.

ஈரப்பதன்மானியையும் சோதியுங்கள்: நனைந்த உப்போடு மூடிய போத்தலில் ஒரு இரவு வைத்தால் 75 காட்டவேண்டும். கூடக் குறைந்தால் அந்த வித்தியாசத்தை மேலே எழுதி ஒட்டுங்கள். பின்னர் சுருள் இல்லாமல் ஜெல்லை மட்டும் வைத்து, குழாய் முனைகளை அடைத்து மூடுங்கள். விடிய 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் பெட்டி நல்லது. இல்லாவிட்டால் திரும்பவும் கடுதாசிச் சோதனைதான்.

ஜெல் நிறம் மாறினால் தட்டில் மெல்லியதாகப் பரப்பி 110–120 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள். எங்கள் வெயில் எவ்வளவு எறித்தாலும் அதற்குப் போதாது. அச்சிட்டு முடிந்ததும் பிலமென்றைக் குழாயிலிருந்து பெட்டி விளிம்புவரை பின்னுக்கிழுத்து முனையை அடையுங்கள். வெளியே நிற்கும் பி.எல்.ஏ. துண்டு ஈரம் குடித்து, அடுத்த முறை குழாய்க்குள்ளேயே முறியும்.