நான்கு இருக்கை, மூன்று பேர்

சொந்தமாகச் சிறிய விமானம் வாங்க நினைக்கிறீர்களா? இருக்கைகளை எண்ணி முடிவெடுக்காதீர்கள். நான்கு இருக்கையுள்ள செஸ்னா 172 எஸ் மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 400 கிலோதான் ஏற்றலாம். டேங்கை நிரப்பினால் எரிபொருளே சுமார் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. மீதியில் மூன்று பெரியவர்கள், கொஞ்சம் பெட்டிகள், அவ்வளவுதான்.

அதனால் வழக்கமாக எத்தனை பேர், எவ்வளவு தூரம் போவீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். எப்போதோ ஒருமுறை குடும்பத்தோடு போவதற்காக ஆறு இருக்கை விமானம் வாங்குவது வீண். அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், விலை பேசும் முன் அந்த விமானத்தின் எடைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மாடலாக இருந்தாலும், பிற்பாடு சேர்த்த கருவிகளைப் பொறுத்து எடை மாறும்.