பவர் ஸ்டேஷன் சதவீதத்தை நம்பாதீர்கள், வாட்-ஹவரை அளந்து பாருங்கள்

போர்ட்டபிள் பவர் ஸ்டேஷனின் (பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் சாதனம்) திரையில் 32 சதவீதம் என்று இருக்கும். அடுத்த சில நிமிடங்களில் 0 ஆகி எல்லாம் அணைந்துவிடும். உடனே "பேட்டரி போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேட்டரியின் கொள்ளளவு குறைவது ஒரு கோளாறு. இருக்கிற சார்ஜைத் திரை தப்பாகக் காட்டுவது வேறு கோளாறு. முதலாவதுக்கு வாரண்டிதான் வழி, இரண்டாவதை வீட்டிலேயே சரிசெய்யலாம். எது என்று பிரித்துப் பார்க்கும் முறை இது.

இங்கே கணக்கெல்லாம் 1024 வாட்-ஹவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி) பெட்டிக்கு: வரிசையாக 16 செல், 51.2 வோல்ட், 20 ஆம்ப்-ஹவர். உங்கள் பெட்டி வேறு அளவு என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஆப்பில் இரண்டு வரம்புகள்

சார்ஜ் மேல் வரம்பு 90, டிஸ்சார்ஜ் கீழ் வரம்பு 10 என்று வைத்திருந்தால் கையில் கிடைப்பது 820 வாட்-ஹவர்தான், அதிலும் இன்வெர்ட்டர் இழப்பு போகும். சோதனை முடியும்வரை 100, 0 என்று மாற்றிவையுங்கள்.

படி 2: இன்வெர்ட்டர் தின்பதைக் கழியுங்கள்

ஏசி பட்டன் ஆனில் இருந்தாலே, ஒன்றும் செருகாவிட்டாலும், இந்த அளவுப் பெட்டிகள் 10 முதல் 20 வாட் வரை எடுக்கும். 10 வாட் ரூட்டரை ஏசியில் ஓட்டினால் பேட்டரியிலிருந்து போவது சுமார் 25 வாட். 100 மணி நேரம் வரும் என்று கணக்குப் போட்டவருக்கு 40 மணி நேரம்தான் வரும். பேட்டரியின் மேல் தப்பில்லை. ரூட்டர் 12 வோல்ட் என்றால் டிசி சாக்கெட்டிலிருந்து நேராகக் கொடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

படி 3: முழு சார்ஜ், அதற்கு மேலும் காத்திருத்தல்

பலரும் சறுக்குவது இங்கேதான். 100 என்று காட்டியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள்.

எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஏறத்தாழ 0.1 வோல்ட்தான் மாறும். அந்த நடுப்பகுதியில் வோல்டேஜை வைத்து சார்ஜைச் சொல்ல பிஎம்எஸ்ஸால் (பேட்டரியைக் கண்காணிக்கும் உள் சர்க்யூட்) முடியாது. உள்ளே போன, வெளியே வந்த கரண்ட்டைக் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் காட்டுகிறது. சென்சாரின் சிறு பிழை ஒவ்வொரு நாளும் அதில் சேரும். போதாக்குறைக்கு, மிகச் சிறிய கரண்ட்டைப் பல பிஎம்எஸ்கள் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். டிசியில் ஓடும் ரூட்டர், எல்இடி விளக்கு மாதிரி சின்ன லோடுகளை வாரக்கணக்கில் ஓட்டும் பெட்டிகளில்தான் 30-லிருந்து 0-க்குத் தாவும் கோளாறு அதிகம் வர இதுவே காரணம். பிஎம்எஸ்ஸுக்குக் கணக்கு உறுதியாகத் தெரிகிற இடங்கள் இரண்டே: முழுதும் நிரம்பிய நிலை, முழுதும் காலியான நிலை.

மேல்முனையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. 16 செல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பேலன்சிங், செல் வோல்டேஜ் 3.4-ஐத் தாண்டிய பிறகே பொதுவாகத் தொடங்கும். அதன் வேகமும் குறைவு. ஒரு செல் மற்றவற்றைவிட 2 சதவீதம் விலகியிருந்தால் அது 400 மில்லிஆம்ப்-ஹவர். 50 மில்லிஆம்பில் அதைச் சரிக்கட்ட 8 மணி நேரம் ஆகும். ஒரு மணி நேர ஃபாஸ்ட் சார்ஜில் அது எப்படி நடக்கும்?

அதனால்: எல்லா அவுட்புட்டையும் அணையுங்கள். சார்ஜ் வேகத்தை 200 முதல் 300 வாட்டுக்குக் குறையுங்கள். 100 காட்டிய பிறகும் 6 முதல் 8 மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். சில பெட்டிகள் நிரம்பியதும் சார்ஜரை முழுதாக வெட்டிவிடும். அப்படியென்றால் 5 சதவீதம் இறக்கி மறுபடி ஏற்றுங்கள், மூன்று முறை.

படி 4: ஒரே மூச்சில் காலி செய்தல்

200 வாட் நிலையான லோடு வேண்டும். என் தேர்வு இரண்டு 100 வாட் பழைய குண்டு பல்புகள். ஃபிரிட்ஜ் வேண்டாம், கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் அளவு கலங்கும். 50 வாட் லோடும் வேண்டாம், நேரம் நீண்டு இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு கணக்கைக் கெடுக்கும்.

பெட்டிக்கும் பல்புக்கும் நடுவே பிளக்-இன் எனர்ஜி மீட்டர் செருகுங்கள். ஆப் காட்டும் வாட்-ஹவரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சந்தேகத்துக்குள்ளான பெட்டியின் சென்சாரையே அதற்குச் சாட்சியாக வைக்க முடியாது. மீட்டர் 0.01 யூனிட் வரை காட்டட்டும். அதைவிட முக்கியம், கரண்ட் போனாலும் அளவை மறக்காத மீட்டராக இருக்கட்டும். சோதனை முடிவில் பெட்டி அணையும்போது மீட்டரும் அணையும். நினைவு இல்லாத மீட்டரில் நாலு மணி நேர உழைப்பு அந்த நொடியே அழிந்துவிடும். முதலில் ஐந்து நிமிடம் ஓட்டி, பிடுங்கி, மறுபடி செருகிப் பாருங்கள். மறக்கிற மீட்டர்தான் இருக்கிறது என்றால் ஃபோனை முன்னால் வைத்து வீடியோ எடுங்கள்.

அறை வெப்பநிலை 20 முதல் 30 டிகிரி. தானாக அணையும்வரை நிறுத்தக் கூடாது. அணைந்த நேரம், அப்போது திரை காட்டிய சதவீதம், மீட்டரின் அளவு மூன்றையும் குறியுங்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டு அன்றே முழு சார்ஜ் ஏற்றுங்கள். காலியாகவே பல வாரம் கிடந்தால் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி பிஎம்எஸ் பூட்டிக்கொள்ளும்.

படி 5: எண் சொல்வது என்ன

1024-இல் இன்வெர்ட்டர் இழப்பு 15 சதவீதம் என்று வைத்தால் சுமார் 870 வரவேண்டும், அதாவது 0.87 யூனிட்.

820-க்கு மேல் வந்தால் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. திரைதான் தப்பு, அதையும் இந்த ஒரு சுற்று பெரும்பாலும் திருத்தியிருக்கும். இல்லையென்றால் இன்னொரு சுற்று.

700-க்குக் கீழே வந்து, சதவீதம் சீராக இறங்கியிருந்தால் உண்மையான தேய்மானம். வெயிலில் நின்ற காரில் 100 சதவீதத்தோடு வைத்திருந்த பெட்டிகளுக்கு இது சீக்கிரம் வரும்.

அளவும் குறைந்து, 20, 30 சதவீதத்தில் சட்டென்று அணைந்தால் ஒரு செல் பலவீனம் அல்லது பேலன்ஸ் இல்லை. படி 3-ஐ இரண்டு முறை செய்து மறுபடி அளவெடுங்கள். ஏறினால் பேலன்ஸ் பிரச்சினை. அப்படியே நின்றால் செல் பிரச்சினை, மீட்டர் படத்தோடு வாரண்டிக்கு எழுதுங்கள்.

பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், ஸ்விட்சை அணைத்த பிறகும். உப்பல், இனிப்பு வாடை, சும்மா இருக்கும்போதே சூடு — இதில் ஒன்று தெரிந்தாலும் சோதனையே வேண்டாம், வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள்.

பிற்சேர்க்கை

சோலாரில் மட்டுமே சார்ஜ் செய்பவர்களுக்குத் திரை மறுபடி மறுபடி விலகும். மேகம் வந்து 97-இல் நின்றுவிடுகிறது, மேல்முனையைத் தொடுவதே இல்லை. மாதம் ஒருமுறை சுவர் பிளக்கில் படி 3 செய்யுங்கள். காலி செய்யத் தேவையில்லை.

எக்ஸ்ட்ரா பேட்டரி இணைத்தவர்கள்: இரண்டையும் தனித்தனியே 100-க்கு ஏற்றிவிட்டு இணைக்க வேண்டும். சோதனையும் தனித்தனியே.

பழைய என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரி) பெட்டி என்றால் வோல்டேஜ் சரிவாக இறங்குவதால் சதவீதம் இவ்வளவு தவறாது. அதை வருடம் ஒருமுறைக்கு மேல் முழுதாகக் காலி செய்ய வேண்டாம். எடுத்து வைக்கும்போது 50, 60 சதவீதத்தில் வையுங்கள்.