திட்டப் பணிகளில் தகவலைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு திட்டம் தாமதமானால் ஆள் போதவில்லை, நேரம் போதவில்லை என்று காரணம் சொல்வது வழக்கம். ஆனால் சற்று விசாரித்துப் பார்த்தால், யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்த செய்தி, அது தேவைப்பட்டவரிடம் போய்ச் சேராமல் நின்றிருப்பது பல நேரங்களில் தெரியவரும். தகவலைப் பேணுவது ஒருவர் வேலை, திட்டத்தை நடத்துவது வேறொருவர் வேலை என்று பிரித்து வைப்பதே மற்ற தவறுகளுக்கெல்லாம் வழிவிடுகிறது.

1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்த வேளையில் தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த அலகுக் குழப்பத்தைப் பலரும் அறிவார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. விண்கலத்தின் பாதை குறித்து அதை வழிநடத்திய பொறியாளர்களுக்குப் பயணத்தின்போதே ஐயம் எழுந்திருந்தது. ஆனால் சிக்கலைப் பதிவுசெய்து, தீரும்வரை பின்தொடர்வதற்கென்றே இருந்த முறையான வழியில் அது செல்லாமல், மின்னஞ்சல் பரிமாற்றத்தோடு நின்றுவிட்டது. 'மெயில் போட்டுவிட்டேன்' என்பதோடு பொறுப்பு முடிந்துவிட்டதாகக் கருதும் பழக்கம் இன்றும் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது. சிக்கல் என்று ஒன்றை எழுப்பினால் அதற்கு ஒரு பொறுப்பாளரும், பதில் வர வேண்டிய நாளும், முடிந்ததா இல்லையா என்று எவரும் பார்க்கக்கூடிய ஓரிடமும் இருக்க வேண்டும்.

அடுத்தது, முடிவை மட்டும் எழுதிக் காரணத்தை விட்டுவிடுவது. 'இரண்டாம் கட்டச் சோதனை தள்ளிவைக்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருக்கும். ஆறு மாதம் கழித்து அதைப் படிப்பவருக்கு, யார் தள்ளிவைத்தார்கள், ஏன், எதுவரை என்ற எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது. ஆகவே அதே விவாதம் அதே ஆட்களோடு மறுபடியும் நடக்கும். அந்த வரியையே இப்படி எழுதலாம்: 'பழைய வாடிக்கையாளர் பட்டியல் இன்னும் சரிபார்க்கப்படாததால், இரண்டாம் கட்டச் சோதனையை அது முடியும்வரை தள்ளிவைக்கிறோம், முடிவெடுத்தவர் திட்ட மேலாளர், பட்டியல் தயாரானதும் மறுபரிசீலனை.' எழுத இரண்டு நிமிடம் ஆகலாம். பட்டியல் சரியானவுடன் யாரும் நினைவூட்டாமலேயே சோதனை தொடங்குவதற்கு இந்த வாக்கியமே வழி செய்துவிடும். கைவிடப்பட்ட மாற்று வழிகளையும், அவை ஏன் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டன என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

கோப்புகளைப் பொறுத்தவரை, 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி திருத்தம் 2' என்று ஒரே கோப்பு மூன்று பெயர்களில் உலவுவதை அனுமதிக்கவே கூடாது. ஓர் ஆவணம் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டியது அதன் இணைப்பை மட்டுமே. பெயரில் தேதி சேர்ப்பதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சேர்த்தால் பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று, ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதினார். ஆள் கூடக்கூடப் பேச வேண்டிய தொடர்புகளும் பெருகுவது இதற்கு ஒரு காரணம். 5 பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 10. அதே குழு 10 பேரானால் 45. புதிதாக வருபவருக்குப் பழையவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தால் அந்தச் சுமை இன்னும் கூடும். முடிவுகளும் காரணங்களும் எழுத்தில் இருக்கும் குழுவில், அவர் முதல் நாளே படிக்கத் தொடங்கலாம்.

'90 சதவீதம் முடிந்தது' என்ற நிலை அறிக்கையையும் அப்படியே ஏற்க வேண்டாம். எந்தெந்தப் பகுதி முடிந்து ஒப்படைக்கப்பட்டது, எது இன்னும் தொடங்கப்படவே இல்லை என்று கேளுங்கள். கெட்ட செய்தி சொல்பவரைக் கூட்டத்தில் வைத்துக் கடிந்துகொண்டால், அடுத்த அறிக்கையிலிருந்து அத்தகைய செய்தியே வராது என்பதையும் மேலாளர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இத்தனை குழப்பத்துக்கும் புதிய மென்பொருள் ஒன்றை வாங்குவதே தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். முடிவுகள் எங்கே பதியப்படும், பணிகள் எங்கே, அன்றாடப் பேச்சு எங்கே என்று வரையறுக்காமல் வாங்கினால், ஏற்கெனவே தேட வேண்டிய இடங்களோடு இன்னொன்று சேரும், அவ்வளவுதான். முதலில் அந்த வரையறையை ஒரு பக்கத்தில் எழுதி, கையிலிருக்கும் கருவிகளைக் கொண்டே ஒரு சிறிய திட்டத்தில் நடத்திப் பார்த்துவிட்டு, அதன்பின் எது குறைகிறதோ அதற்கு மட்டும் மென்பொருளைத் தேடலாம்.